பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்லும் மனிதர்கள்

கெட்டுப்போன கம்ப்யூட்டரோடு வருகிறவர்களைக் கண்டு எங்கள் தொழிலில் யாரும் பயப்படுவதில்லை; நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, முகம் மட்டும் கெட்டுப்போய் வருகிறவர்களைப் பார்த்தால்தான் பயம். முதலாமவருக்கு ஹார்ட் டிஸ்க் போயிருக்கும், மாற்றிவிடலாம். இரண்டாமவர் யாரிடமோ எதையோ சொல்லியிருப்பார். சொன்னதைத் திரும்ப வாங்க எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்காது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் உங்கள் குடும்பத்துக்குச் சம்பளமில்லாத டெக் சப்போர்ட் என்று எனக்குத் தெரியும். அம்மா வீடியோ காலில் வந்து, கேமராவில் நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டு, "ஏதோ கேட்டுது, ஓகே குடுத்துட்டேன்" என்பார். மாமனாருக்கு எங்கேயோ பரிசு விழுந்திருக்கும். நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டுப் பல்லைக் கடிப்பீர்கள். அதே பல்லைக் கடிப்பதற்கு நான் காசு வாங்குகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவில் ஒரு சாட் கடைக்கும் புருவம் திருத்துகிற கடைக்கும் நடுவில் என் கடை. இந்தத் தொழிலை நான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. பர்மா பஜார் பக்கம் பிளாட்பாரத்தில் செல்போன் கவர் விற்றவள். கல்யாணமாகி டெக்சாஸ் வந்தபோது என் விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கிற ஒரு கராஜ் சேலில் செத்துக் கிடந்த லேப்டாப்பை அரைமணி நேரம் மல்லுக்கட்டி வாங்கி வந்தேன். அந்தக் கிழட்டு மெஷினில் மூச்சுத் திணறாமல் ஓடியது லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டம்தான். நாலு வருஷம் அதை உடைத்து உடைத்து ஒட்டினேன். அதுதான் என் படிப்பு; வேலை பார்க்க அனுமதி வந்ததும் கடை போட்டேன். கோபம் மட்டும் பிளாட்பாரத்திலிருந்து கூடவே விமானம் ஏறி வந்துவிட்டது. அதை அன்இன்ஸ்டால் பண்ண இன்னும் வழி தெரியவில்லை.

இனாம் என்றால் வேண்டாம்

பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவிலிருந்து ஒருவர் வந்தார். பெரிய கம்பெனியில் மேனேஜர். மனைவியின் லேப்டாப் பட்டனைத் தட்டினால் காபி போட்டுக் குடித்துவிட்டு வரும்வரை யோசிக்கிறதாம். "லினக்ஸ் போட்டுத் தர்றேன் சார், இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்" என்றேன். லைசென்ஸ் எவ்வளவு என்றார். லைசென்ஸ் ஃப்ரீ, என் கூலி மட்டும் அறுபது டாலர் என்றேன். அவர் முகம் சுருங்கியது. சரி, கூலியில் கைவைக்கப் போகிறார் என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு நின்றால், மனிதர் கூலிப் பக்கமே வரவில்லை. ஃப்ரீ என்கிற இடத்திலேயே நின்றுவிட்டார்.

யார் எழுதினது? உலகம் பூரா பல பேர் சேர்ந்து எழுதினது சார், சில பேர் சம்பளத்துக்கு, நிறைய பேர் ஆசைக்கு. உள்ளே என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம் சார். அப்போ திருடனும் படிப்பானே? படிக்கட்டும், பூட்டு எப்படி வேலை செய்யுதுன்னு ஊருக்கே தெரிஞ்சா என்ன, சாவி உங்க பாக்கெட்டுல இருக்கில்ல? இப்படி நாற்பது நிமிஷம். வாழ்நாள் முழுக்க விலையைக் குறைக்கச் சண்டை போட்டவள் நான். விலையே இல்லாத ஒன்றுக்காக ஒருவரிடம் கெஞ்சியது அன்றைக்குத்தான். கடைசியில் சம்மதித்தார். கார்டை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "ஃப்ரீன்னு சொன்னா என் வைஃப் அதைத் தொடவே மாட்டா மேடம். கூலி அறுபதையும் லைசென்ஸ்னே பில்லுல போட்டுடுங்க."

நம்ம ஆளுங்க

ஒரு சனிக்கிழமை, கடையில் ஏழெட்டுப் பேர். ஒரு அம்மா தன் லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார். "பாஸ்வேர்டை நீங்களே போடுங்க, நான் திரும்பிக்கறேன்" என்று நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். இது என் கடையின் சட்டம். நான் பாஸ்வேர்ட் கேட்க மாட்டேன்; சொன்னால் கோபம் வரும். அந்த அம்மா இரண்டு தடவை போட்டுப் பார்த்தார், ஏறவில்லை. கதவைத் திறந்து, சாட் கடை வாசலில் பானிபூரிக்கு நின்ற கணவரைக் கூப்பிட்டார். "ஏங்க! நம்ம பாஸ்வேர்டுல முருகனுக்கு அப்புறம் என்னங்க?"

அவர் வாயில் பூரியோடு பார்க்கிங் லாட்டுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார். முருகன், ஒரு குறி, பையன் பிறந்த வருஷம். அதுவும் ஒவ்வொரு எழுத்தாக. விசாரித்தால் அந்த ஒரே பாஸ்வேர்டுதான் பேங்குக்கு, ஈமெயிலுக்கு, வீட்டு வைஃபைக்கு, பையனின் ஸ்கூல் போர்ட்டலுக்கு. ஊரிலிருக்கும் மச்சானுக்கும் அது தெரியும், ஏதோ சீரியல் பார்க்க. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வீட்டுச் சாவியை ரோட்டில் வைத்து ஏலம் விடுவீங்களா என்று நான் கத்தியதில் புருவக் கடையிலிருந்து பாதிப் புருவத்தோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. கடையைச் சுற்றி ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு என்னைச் சமாதானம் செய்தார்: "இங்க யாரு மேடம் வெளியாளு? எல்லாம் நம்ம ஆளுங்கதானே!"

துவாயில் சுற்றிய லேப்டாப்

குலசிங்கம் அங்கிளை எனக்கு அறிமுகப்படுத்தியதும் ஒரு 'நம்ம ஆள்'தான். அங்கிள் ஆலன் என்கிற பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ரோடு வரைபடம் போடுகிற வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி காலமாகி ஆறு வருஷம். ஒரே மகள் அபி, மேற்குக் கரையில், பே ஏரியாவில் பெரிய வேலை. அங்கிளுடைய உயிர் அவர் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கத்தில் இருக்கிறது. அதற்கு இவர்தான் செயலாளர். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற நானூறு பேரின் விலாசம், போன் நம்பர், யாருக்கு எந்த ஊரில் என்ன கஷ்டம், எல்லாம் இவர் லேப்டாப்பில்தான்.

முதல் நாள் அந்த லேப்டாப்பைக் குளித்த குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி துண்டில், அவர் பாஷையில் துவாயில், சுற்றிக்கொண்டு வந்தார். ஒருவன் போன் பண்ணி, உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்து என்றிருக்கிறான். அதுவும் தமிழில். பள்ளிக்கூடத்தின் பெயர் சொன்னானாம், மனைவியின் ஊர் சொன்னானாம், 'ஐயா' என்றானாம். அவன் சொன்ன எதையோ இறக்கிவைத்து, அரைமணி நேரம் கம்ப்யூட்டரை அவன் கையில் கொடுத்துவிட்டு, அம்புக்குறி தானாக ஓடுவதை இவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அது பேங்க் பக்கம் போனதும்தான் சந்தேகம் வந்து கரண்ட் வயரைப் பிடுங்கியிருக்கிறார். பேட்டரியில் அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. பிறகு அவசர அவசரமாக மூடி, துவாயில் சுற்றி, நேரே இங்கே.

நான் கத்தினேன். வயசுக்கு மரியாதை இல்லாமல்தான் கத்தினேன். முன்பின் தெரியாதவன் 'ஐயா' என்றால் கதவைத் திறந்துவிடுவீங்களா, நானூறு பேர் விலாசம் அங்கிள், நானூறு குடும்பம்! அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, மழை விடக் காத்திருக்கிற மாதிரி காத்திருந்தார். எனக்கு மூச்சு வாங்கியபோது மெதுவாகக் கேட்டார்: "கத்தி முடிஞ்சுதோ தங்கச்சி? அப்ப இனி வேலையைத் தொடங்குமன்."

ஸ்பீக்கரில் மகள்

பேங்கில் ஒன்றும் போகவில்லை. அங்கிள் பெயரில் யாரும் கடன் வாங்க முடியாதபடி பூட்டச் சொன்னேன். சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும், 'என் பெயரில் எது வந்தாலும் நம்ப வேண்டாம்' என்று அவரே போன் போட்டுச் சொன்னார். ஈமெயில் அனுப்பினால் போதுமே என்றால், அதைத்தானே நம்ப வேண்டாம் என்கிறேன் என்றார். மூன்று நாள் ஆனது.

மகளிடம் மறைக்க வேண்டாம் என்றேன். என் கடையிலிருந்தே போன் போட்டார், ஸ்பீக்கரில். அபி முதலில் அழுதாள், அப்புறம் ஆங்கிலத்தில் கோபப்பட்டாள், அப்புறம் என்னை ஆன்ட்டி என்றாள். அவளுக்கும் எனக்கும் பத்து வயசுகூட வித்தியாசம் இருக்காது. வேறு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். ஆனால் அந்தக் குரலில் இருந்தது திமிர் இல்லை, பயம். தூரத்தில் இருக்கிற பிள்ளைகளின் பயம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே அங்கிள் துவாயை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அவள் கடைசியாகச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஒன் மோர் டைம் அப்பா, ஜஸ்ட் ஒன் மோர் டைம். அதுக்குப் பிறகு லேப்டாப்பும் இல்லை, சங்கமும் இல்லை, ஆலன் வீடும் இல்லை. வீட்டை வித்திட்டு நீங்க என்னோட வந்து இருக்க வேணும்."

நாலு சொல்

சங்கத்து விவரத்தை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டேன். டிஸ்க்கைப் பூட்டினேன். எதை இன்ஸ்டால் பண்ணினாலும் தனியாக ஒரு பாஸ்வேர்ட் கேட்கிற மாதிரி, அவருக்குச் சாதாரண யூசர் மட்டும் வைத்தேன். எஸ்எம்எஸ்ஸில் வருகிற ஓடிபி நம்பருக்குப் பதிலாகப் போனிலேயே அந்த நம்பரைக் காட்டுகிற ஆப் வைத்தேன். வாராவாரம் ஒரு வெளி டிஸ்க்கில் நகல். ஒன்றை மட்டும் அவரிடம் அழுத்திச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன்: லினக்ஸ் போட்டால் திருடனே வர மாட்டான் என்று நினைக்காதீர்கள். அது நல்ல கதவு. நாமே போய்த் திறந்துவிட்டால் அது என்ன செய்யும்? யார் கேட்டாலும், எந்தப் பாஷையில் கேட்டாலும், ஓடிபி நம்பரை வாய்விட்டுப் படிக்கக் கூடாது.

அங்கிள் எல்லாவற்றையும் கட்டம் போட்ட நோட்டில், வரைபடத்துக்கு எழுதுகிற அச்சு மாதிரியான எழுத்தில் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை அப்டேட். அதை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பிரச்சினை பாஸ்வேர்டில்தான் வந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலு சொல்லைச் சேர்த்து நீளமாக வையுங்கள் என்றேன். உதாரணத்துக்கு கத்தரிக்காய், தண்டவாளம், குடை, பல்லி என்றேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் தன் மாமா கத்தரித் தோட்டம் வைத்திருந்தார் என்றார். மாமாவின் குடைக்குள் ஒரு நாள் பல்லி இருந்ததாம். நான் வேறு நாலு சொன்னேன். அதற்கும் ஒரு சித்தப்பா வந்தார். நானாகச் சொல்வதை நிறுத்தினேன், நீங்களே வீட்டில் யோசித்து வையுங்கள், என்னிடம் சொல்லவே வேண்டாம் என்றேன். மறுநாள் தோற்றுப்போன முகத்தோடு வந்து நின்றார்: "தொடர்பில்லாத நாலு சொல்லு எண்டு உலகத்தில ஒண்டும் இல்லைத் தங்கச்சி. ராத்திரி முழுக்கத் தேடிப் பாத்திட்டன்."

பிறந்த நேரம் பொய்யில்லை

ஒன்று மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் போன்காரனுக்குப் பள்ளிக்கூடமும் மனைவியின் ஊரும் எப்படித் தெரிந்தது? அங்கிளுக்கு ஃபேஸ்புக் கிடையாது. அவர் பெயரையும் போன் நம்பரையும் போட்டு நானே நெட்டில் தேடிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில் வந்தது. ஏதோ கல்யாணத் தரகர் குழு, யார் வேண்டுமானாலும் திறக்கிற மாதிரி வைத்திருந்த ஒரு ஃபோல்டர். அதற்குள் நம் மக்களின் ஜாதகங்கள் கட்டுக் கட்டாக. அதில் அபியுடையதும் ஒன்று.

ஜாதகம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பிறந்த தேதி, நிமிஷம் வரைக்கும் நேரம், பிறந்த ஆஸ்பத்திரி. அம்மா பெயர், அம்மாவின் அப்பா பெயர், அம்மாவின் ஊர். அப்பா படித்த பள்ளிக்கூடம், வகிக்கிற பதவி, போன் நம்பர், ஆலன் விலாசம், 'சொந்த வீடு' என்று ஒரு குறிப்பு வேறு. பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் பேங்க் என்னவெல்லாம் கேட்குமோ, அத்தனைக்கும் பதில், மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்டு. உலகத்தில் வேறு எந்த ஜனமும் இப்படித் தன் குடும்பத்தின் சாவிக்கொத்தை அழகாக டைப் அடித்து அனுப்புமா? இது ஒன்றை வைத்துத்தான் அவன் பேசினான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவன் சொன்ன ஒவ்வொன்றும் இந்த ஒரே தாளில் இருந்தது.

எத்தனை குரூப்புக்கு அனுப்பினீங்க என்றேன். நோட்டைப் புரட்டினார். பதினாலு. எட்டு வருஷத்தில். அதில் ஆறு குரூப்பை இப்போது யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிறந்த தேதியை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கலாமே, இல்லை கொஞ்சம் மாற்றியாவது போட்டிருக்கலாமே என்று கத்தினேன். அத்தனை நாளில் அவர் என்மேல் கோபப்பட்டது அந்த ஒரே தடவைதான்: "நேரத்தை மாத்திப் போட்டால் பொருத்தம் எப்பிடிப் பாக்கிறது? உமக்குக் கம்பியூட்டர் மட்டுந்தான் தெரியும்!"

டோக்கியோ மாமியார்

வெளியே போன ஜாதகத்தைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஃபோல்டர்காரருக்கு எழுதி அதை எடுக்கவைத்தேன், அதற்கு முன்னால் எத்தனை பேர் இறக்கிவைத்தார்களோ. மிச்சமிருந்த வழி ஒன்றுதான். பேங்க் கேட்கிற ரகசியக் கேள்விகளுக்கு எல்லாம் பொய்ப் பதில் வைப்பது. அதை எழுதி வைத்துக்கொண்டால் போதும். பேங்க் உண்மையா என்று சரிபார்ப்பதில்லை, முன்னால் சொன்னதையே சொல்கிறோமா என்றுதான் பார்க்கிறது.

அங்கிளுக்கு இது பெரிய தர்மசங்கடம். வருமான வரியில் ஒரு டாலர்கூடப் பொய் எழுதாதவர். "பேங்குக்குப் பொய் சொல்லவோ?" என்று இரண்டு நாள் இழுத்தார். மூன்றாம் நாள், நான் ஒரு வாடிக்கையாளரோடு விலையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து, யாரும் கேட்காமல் பார்த்துக்கொண்டு என் காதருகே குனிந்தார். பதில் என்ன என்று என்னிடமும் சொல்லக் கூடாது என்று நானே போட்ட சட்டம் அவருக்கு அந்த நிமிஷம் மறந்துவிட்டது. சந்தோஷமும் பயமும் கலந்த குரல்: "மாமி டோக்கியோவில பிறந்தவ எண்டு எழுதிப்போட்டன். மனிசி இருந்திருந்தால் என்னை வீட்டை விட்டுக் கலைச்சிருப்பா." (அன்றைக்கே டோக்கியோவையும் மாற்றவைத்தேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.)

பதினாலு குரூப்

அபியிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அது அவளுடைய பிறந்த தேதி, அவளுடைய அம்மா பெயர். அவளுடைய பேங்கிலும் அதே கேள்விகள்தான். நான்தான் போன் போட்டேன். ஃபோல்டர், ஜாதகம், விலாசம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கட் ஆகிவிட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். எட்டு வருஷமாகத் தன் கல்யாண விஷயம் தனக்குத் தெரியாமல் பதினாலு குரூப்பில் சுற்றிக்கொண்டிருந்தது என்று ஒரு பெண் கேட்டால் என்ன செய்வாள்?

அங்கிள் என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமாளித்தேன். இது பழைய விஷயம்மா, புதுத் தப்பு இல்லை, அப்பா இப்போ ரொம்ப உஷாரா இருக்கார் என்றேன். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்கு வசதி. அவள் கத்தவில்லை: "தேங்க்ஸ் ஆன்ட்டி. சனிக்கிழமை ஃப்ளைட் எடுக்கிறன். லேப்டாப்பை வைப் பண்ணி வைங்கோ."

கேட்டி சரக்கு

சனிக்கிழமை இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். அபி வீட்டு விற்பனை ஏஜென்ட்டிடம் பேசியே விட்டாள். லேப்டாப்பைத் துடைக்க வேண்டும், சங்கத்து விவரத்தை ஒரு டிஸ்க்கில் போட்டு டொரண்டோவில் இருக்கும் யாரிடமோ கொடுக்க வேண்டும். அங்கிள் தன் நோட்டை மேஜைமேல் வைத்தார். அடுத்த செயலாளருக்காம். எனக்கு அழுகை வந்தால் அது சண்டையாகத்தான் வெளியே வரும். "இவர் வெள்ளிக்கிழமை அப்டேட்டை ஒரு வாரம் விட்டதில்லை, உன் கம்பெனில எத்தனை பேர் அப்படி இருக்காங்க?" என்று ஆரம்பித்தேன். அவள் கண் கலங்க, "அவருக்கு ஏதாவது நடந்தா நான் மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்து என்ன செய்யிறது?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து என் போன். கேட்டி என்கிற ஊரிலிருந்து ஒருவன். நம் ஆட்களின் விற்பனைக் குரூப்பில் விளம்பரம் போட்டிருந்தான்: ஆபீஸில் கழித்த லேப்டாப் நாற்பது, மொத்தமாக. லினக்ஸ் போட்டு விற்றால் எனக்கு மூன்று மாதப் பிழைப்பு. இரண்டு நாளாக அவன் பதிலுக்குக் காத்திருந்தேன். "ஒரு நிமிஷம்மா" என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேரத்தில் இறங்கினேன். அவன் ஒன்றுக்கு நூறு என்றான். நான் ஐம்பது என்றேன். "சரிக்கா, உங்களுக்காக" என்றான். ஐம்பதுக்கு ஒத்துக்கொண்டவனை நாற்பதுக்கு இழுத்தேன். அதற்கும் சரி என்றான். பிளாட்பாரத்தில் தொடங்கி இன்றுவரை என்னிடம் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தவன் எவனும் இல்லை. அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஜெயித்த மயக்கம். "நிறைய பேர் சும்மா போன் பண்றாங்கக்கா. நீங்க நெஜமான ஆள்தானான்னு ஒரு கோட் நம்பர் அனுப்பறேன், படிச்சுச் சொல்லுங்க, வண்டியில ஏத்திடறேன்" என்றான். போன் டிங் என்றது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். "நாலு, ஏழு, ஒண்ணு..."

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து போனைத் தட்டிவிட்டது. போன் பறந்து போய் ரிப்பேருக்கு வந்த பிரிண்டரில் மோதி விழுந்தது. "நிப்பாட்டும்!" என்று குலசிங்கம் அங்கிள் கத்தினார். அவருக்குக் கத்தத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. "முன்பின் தெரியாதவன் அக்கா எண்டால் கதவைத் திறந்து விடுறதோ? எத்தினை பேரின்ர விவரம் உம்மட கம்பியூட்டரில இருக்கு? எத்தினை குடும்பம்!" வார்த்தைக்கு வார்த்தை என் வசவு, என் ஏற்ற இறக்கத்தோடு. போனைக் குனிந்து எடுத்து அவரே லைனைத் துண்டித்தார். செய்தியைப் பார்த்தேன். இந்த நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே இருந்தது. என் கடை ஈமெயிலின் பாஸ்வேர்டை மாற்ற வந்த ஓடிபி அது. ஊருக்கெல்லாம் ஆப் வைத்துக் கொடுத்தவள், என் ஈமெயிலுக்கு மட்டும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எஸ்எம்எஸ்ஸிலேயே விட்டிருந்தேன். இன்னும் மூன்று எண் சொல்லியிருந்தால் என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் அவன் கையில்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? அங்கிள் தன் நோட்டைத் திறந்து, "முதல்ல பாஸ்வேர்டை மாத்தும், பிறகு ஆப் போடும், ஒவ்வொண்டாச் செய்வம்" என்று பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அபி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மேஜைமேல் இருந்த அவருடைய லேப்டாப்பை எடுத்து, பையில் போட்டு, ஜிப்பை இழுத்து அவர் தோளிலேயே மாட்டிவிட்டாள். ஏஜென்ட்டுக்கு என்னவோ மெசேஜ் தட்டினாள். வந்ததிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்: "அப்பா இங்கயே இருக்கட்டும் ஆன்ட்டி. உங்களைப் பாத்துக்கொள்ள ஒரு ஆள் வேணுமே."

எத்தனை பூட்டுப் போட்டாலும் கடைசி நிமிஷத்தில் நம் கையைத் தட்டிவிட ஒரு ஆள் பக்கத்தில் இருப்பதுதான் பாதுகாப்பு, என்ன, என்னுடைய ஆள் வாரத்தில் மூன்று நாள் வந்து, டீ குடித்து, ஸ்க்ரூட்ரைவரை எல்லாம் அளவு வாரியாக அடுக்கிவைத்து, ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிட்டுப் போகிறார்.